பாடம் ஒன்பது: டெலிபோனில்

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் நாற்பது ரூபாய்.
மேலே இங்கிலீஷ்,
நடுவில் அதையே தமிழெழுத்தில்,
கீழே அர்த்தம்.
ஒவ்வொரு வரியும் மூன்று மாடி வீடு.
நான் நடுமாடியிலேயே குடியிருந்தேன்.

ஹவ் ஆர் யூ என்றால்
ஐ ஆம் ஃபைன் என்றுதான் சொல்லவேண்டுமாம்.
காய்ச்சல் என்றால்?
அது பாடம் பதினேழு, டாக்டரிடம்.
அதுவரைக்கும் ஃபைன்.

டெய்லரிடம் கோட்டு தைக்கக் கொடுக்க ஒரு பாடம்.
பெரியபட்டினத்தில் யார் கோட்டுப் போடுகிறார்கள்?
இன்னும் கொஞ்சம் டீ வேண்டுமா என்று கேட்க
ஆறு வார்த்தை.
எங்கள் வீட்டில் கேட்பதில்லை, ஊற்றிவிடுவோம்.

ஒன்பது நாளாய் மச்சானின் போன் அணைந்து கிடந்தது.
தமாம் கம்பெனி நம்பர்
காலண்டருக்குப் பின்னால், அவர் கையெழுத்தில்.
ஏழு ஒன்று மாதிரி, ஒன்று ஏழு மாதிரி.
மோத்தினார் மகனைக் கூப்பிடு,
காலேஜில் படிக்கிறான், அவன் பேசட்டும் என்றாள் மாமி.
என் மச்சானை விசாரிக்க
நான் ஏன் ஆள் பிடிக்கணும்?

இரண்டு தடவை அரபியில் யாரோ சத்தம் போட்டார்கள்.
சாரி, ராங் நம்பர்.
புத்தகத்தில் அது எதிராளி சொல்லவேண்டிய வரி.
நானே சொல்லிக்கொண்டேன்.
மூன்றாவது தடவை, புத்தகத்தில் விரலை வைத்தபடி:
மே ஐ ஸ்பீக் டு மிஸ்டர் சீனி அசன், ப்ளீஸ்.
கல்யாணமாகிப் பதினோரு வருஷம்,
அவர் பேரை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.
அதுவும் மிஸ்டர் போட்டு.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. அப்புறம்,
குட் மார்னிங். ஐ ஆம் பிஷ்ணு. ஐ ஆம் ஃப்ரம் நேப்பால்.
இங்கே மஃரிபு பாங்கு சொல்லி
விளக்கெல்லாம் போட்டாயிற்று.
தெரிந்துவிட்டது எனக்கு,
அவன் ஊர் பஸ் ஸ்டாண்டிலும் விற்கிறார்கள்.

ஐ ஆம் பரக்கத் நிசா. ஐ ஆம் ஃப்ரம் பெரியபட்டினம்.
நைஸ் டு மீட் யூ என்றான்.
நைஸ் டு மீட் யூ என்றேன்.
அடுத்த வரி அதுதானே.

வேர் சீனி அசன்?
இஸ் எங்கோ விழுந்துவிட்டது.
பிஷ்ணு அதைத் தேடவில்லை.

ஹி இஸ் நோ மோர்,
என்றான்.

அதற்குப் புத்தகம் வேண்டாம்.
கைநாட்டு வைக்கிறவர்களுக்கும் இந்தக் கரையில் அது தெரியும்.
அதற்கு மேல்மாடி, நடுமாடி கிடையாது,
நேரே தரைதான்.
அடுப்பில் ஆணம் கொதித்தது.
மாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
லைன் கரகரவென்றது.

ஹியர்,
என்றான் பிஷ்ணு.

ஹி இஸ் நோ மோர் ஹியர், சிஸ்டர்.
கேம்ப் சேஞ்ச். டெசர்ட். நோ டவர்.
ஃபிரைடே கம்மிங். ஃபிரைடே கால்.

ஒரு சொல்
கடல் தாண்டி வர அவ்வளவு நேரம்.
அவனைத் திட்டவேண்டும்போல் இருந்தது.
நாற்பது பாடத்திலும் திட்டுவதற்கு ஒரு வரி இல்லை.
தேங்க் யூ என்றேன்.
யூ ஆர் வெல்கம் என்றான்.
திரும்பவும் தேங்க் யூ என்றேன்.
இரண்டு பேருக்கும் சரக்கு தீர்ந்துவிட்டது.
வைக்கவும் மனசில்லை.

ஹவ் இஸ் த வெதர்? என்றான்.

வெளியே கச்சான் அடித்தது.
கரையேற்றிய வத்தைகளின் மேல்
தார்ப்பாய் படபடத்தது, மூன்று நாளாய்த் தொழில் இல்லை.
கச்சானுக்கு இங்கிலீஷில் என்ன?
வாடைக்கு, கொண்டலுக்கு, சோழகத்துக்கு?
எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தானா?

விண்ட், என்றேன். பிக் விண்ட்.
ஹியர் நோ விண்ட், சிஸ்டர், என்றான்.

போனை வாசலுக்குக் கொண்டுபோய்
கையை எட்டின மட்டும் நீட்டிப் பிடித்தேன்.

யாருக்குடி காட்டுறே, உள்ளே வா,
ஆணம் வத்துது என்றாள் மாமி.